மல்லம்மாவின் காலி வரி

"எடுத்துடு" என்றான் தீபக். "ஒரே ஒரு வரி மாத்தினா போதும். எல்லா செக்கும் காணாமப் போயிடும். ஸ்பீடு தானா வந்துடும். ஆய்த்து, கதை முடிஞ்சுது."

"எடுக்க மாட்டேன்."

"ஏம்மா மாதேவி, இப்படி அடம் புடிக்கற?"

"நீ எழுதற புரோகிராம்ல தப்பு இருக்கும். அதான்."

அவன் சிரித்தான். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா பாங்கு மேனேஜர். திட்டினாலும் சிரிக்க முடிகிறவர்கள் அந்த மாதிரி வீட்டில்தான் பிறக்கிறார்கள். எனக்கு அது வராது.

1998 பிப்ரவரி. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஐந்து பேர், நான்கு கம்ப்யூட்டர். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மேஜை அதிரும். நஞ்சன்கூடு பக்கம் ஒரு பெரிய ஆலைக்குச் சொந்தமாக மின்நிலையம் உண்டு. அதற்கு நாங்கள் ஒரு கண்காணிப்புத் திரை செய்துகொண்டிருந்தோம். நிலையத்தின் திறந்தவெளி யார்டில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர், பிரேக்கர் எல்லாம் திரையில் படமாகத் தெரியும். ஆபரேட்டர் ஒரு பிரேக்கர் படத்தைச் சொடுக்கி 'மூடு' என்றால் வெளியே நிஜ பிரேக்கர் மூடிக்கொண்டு லைனில் கரண்ட் பாயும். 'திற' என்றால் கரண்ட் நிற்கும்.

அதன் அடிப்படை லைப்ரரியை எழுதியது நான். சி மொழியில். சி ஒரு கண்மூடி. அதற்கு நினைவகத்தில் ஒரு முகவரியைக் கொடுத்து 'இங்கே இருப்பது பிரேக்கர்' என்று சொன்னால் கேள்வி கேட்காமல் நம்பிவிடும். அங்கே இருப்பது மீட்டராக இருந்தாலும் பிரேக்கர் என்றே நினைத்துக் கையை விடும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் அது என்ன வகை என்று நானே ஒரு அடையாளம் வைத்தேன். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாய் வகை. பிரேக்கரின் தாய் சுவிட்ச், சுவிட்சின் தாய் கருவி, கருவியின் தாய் படம், படத்தின் தாய் பொருள். ஒவ்வொரு ஃபங்ஷனும் வாசலிலேயே நிறுத்திக் கேட்கும்: நீ நிஜமாகவே பிரேக்கரா? இல்லையென்றால் உள்ளே விடாது. இதுதான் தீபக் எடுக்கச் சொன்ன செக்.

செக் சரியாகத்தான் இருந்தது. மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். 'நீ கருவியா?' என்று ஒரு பிரேக்கரைக் கேட்டால், பிரேக்கரில் தொடங்கி, தாய் யார், அதன் தாய் யார் என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் பார்க்க வேண்டும். திரையில் அறுநூறு படங்கள். வினாடிக்கு இரண்டு தடவை எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நாற்பது ஐம்பது செக். ஆலையில் இருந்ததோ பழைய 486 கம்ப்யூட்டர். அதில் திரை நத்தை மாதிரி ஊர்ந்தது. எந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளந்து பார்த்தேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று, 'நீ யார்' என்று கேட்பதிலேயே போயிருந்தது.

முதலாளி அய்யாசாமி சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகத் தொடங்கியவர். மேஜையில் என் பெயர் போட்ட காகிதம் இருந்தது. ஆறு மாதத் தற்காலிக வேலை முடிந்து என்னை நிரந்தரமாக்கும் கடிதம். கையெழுத்து மட்டும் இல்லை.

"வெள்ளிக்கிழமை ஆலைல காட்டணும், மாதேவி. தீபக் சொல்ற மாதிரி செக்கை எடுத்துட்டு ஓட்டு. நான் இதுல கையெழுத்து போடறேன்."

"செக்கை வேகமாக்கறேன் சார். எடுக்கறதுக்கு என்ன அவசரம்?"

"நீ நல்ல பொண்ணு. ஆனா அட்ஜஸ்ட் பண்ணத் தெரியல."

"நல்ல பொண்ணு இல்ல சார். புரோகிராமர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வியாழன் சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள வேகம் வரலேன்னா செக் இல்லாமதான் வண்டி ஏறும். கடுதாசி எப்படிங்கறது உன் கையில."

திங்கட்கிழமை முழுவதும் எனக்குக் கோபத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. 'நீ யார்' என்று கேட்பது எப்படி மெதுவாகும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். நான் கோபிநத்தத்துக்காரி.

எங்கள் ஊரிலிருந்து மைசூருக்கு பஸ் ஏறினால் காட்டு ரோட்டில் மூன்று இடத்தில் இறக்கி நிறுத்துவார்கள். காட்டுக்குள் சந்தனக் கடத்தல்காரன் ஒருவனைத் தேடினார்கள். வரிசையில் நின்றது நாங்கள். முதல் செக்போஸ்ட்டுக்கு வேண்டியது எந்த ஊர் என்பது மட்டும்தான். ஆனால் போலீஸ்காரர் அடியிலிருந்துதான் ஆரம்பிப்பார். பேரு? அப்பன் பேரு? எந்தத் தெரு? அப்புறம்தான் ஊர். இரண்டாவது செக்போஸ்ட்டுக்கு வேண்டியது தாலுக்கா. அங்கேயும் பேரு, அப்பன் பேரு, தெரு, ஊர், ஹோப்ளி என்கிற குறுவட்டம், அப்புறம்தான் தாலுக்கா. மூன்றாவதில் பேர் எழுதிக்கொள்வார்கள், அங்கேயும் எல்லாக் கேள்வியும். ஐம்பது பேருக்கும் இப்படி. எங்கப்பா தொட்டையனுக்கு அப்போதே ஐம்பது வயது.

"அப்பன் பேரு?"

"செத்துப் போயிட்டாருங்க."

"செத்தாப் பேரும் கூடவே செத்துடுமா? சொல்லு."

நான் அப்போது பி.யூ.சி. அந்த வருடம் கோடை லீவில் ஊரில் எல்லோருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கன்னடத்தில், ஏழு வரி, மேலிருந்து கீழே. முதல் வரி மாவட்டம், அப்போது சாமராஜநகர் தனி மாவட்டமாகவில்லை, எங்களுக்கு மைசூர்தான். இரண்டாவது தாலுக்கா, மூன்றாவது ஹோப்ளி, நான்காவது ஊர், ஐந்தாவது தெரு, ஆறாவது அப்பா அல்லது புருஷன், ஏழாவது பேர். யார் சீட்டாக இருந்தாலும் ஊர் நான்காவது வரியில்தான் இருக்கும். முதல் செக்போஸ்ட்காரர் நான்காவது வரியைப் பார்த்தால் போதும். இரண்டாவது ஆள் இரண்டாவது வரியை. கேள்வியே வேண்டாம்.

ஒரு போலீஸ்காரர் முதல் சீட்டைக் கிழித்துப் போட்டார். எங்களுக்கே பாடம் சொல்றியா என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து அவரே, "சீட்டு இருக்கறவன் எல்லாம் இந்தப் பக்கம் வா" என்று கத்தினார். வெயில் அவரையும் சுட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் எழுதியது அந்தச் சீட்டைத்தான்.

ஒவ்வொரு வகையும் பிறக்கும்போதே தாயின் சீட்டை அப்படியே நகலெடுத்துக்கொள்ளும். அடியில் தன் பெயரைச் சேர்க்கும். பொருள் முதல் வரி, படம் இரண்டாவது, கருவி மூன்றாவது, சுவிட்ச் நான்காவது, பிரேக்கர் ஐந்தாவது. பிரேக்கரிலிருந்து என்ன புது வகை வந்தாலும், அதன் சீட்டிலும் ஐந்தாவது வரி பிரேக்கர்தான். 'நீ பிரேக்கரா?' என்றால் ஐந்தாவது வரியைப் பார். பிரேக்கர் என்று இருந்தால் ஆமாம். இல்லாவிட்டால் இல்லை. ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். எத்தனை தலைமுறை இருந்தாலும் ஒரே ஒரு பார்வை.

புதன்கிழமை மதியம் அளந்தேன். நாற்பத்தொன்று என்று இருந்தது நான்கு ஆகியிருந்தது. எங்களிடம் ஒரு பழைய 486 இருந்தது. அதில் போட்டேன். திரை துள்ளியது. எழுந்து போய்க் கீழே கடையில் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன், தனியாக.

வியாழன் காலை தீபக் என் மேஜைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"அம்மா தாயே, உன் செக் ஒரு மீட்டரை பிரேக்கர்னு சொல்லுது."

"பொய்."

"நோடு."

பார்த்தேன். உண்மைதான். மீட்டரை பிரேக்கரா என்று கேட்டால் ஆமாம் என்றது. பத்துத் தடவை கேட்டால் ஒன்பது தடவை இல்லை என்றது. ஒரு தடவை, துணிந்து, ஆமாம்.

"இதுக்கு செக்கே இல்லாம இருக்கறது மேல்" என்றான். "சார் கிட்ட நான் சொல்லட்டா, நீ சொல்றியா?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. போ."

"கோவிச்சுக்காத. ஒரு தப்புதான். எல்லாரும் பண்றதுதான்."

"போன்னு சொன்னேன்."

அவன் போனதும் மீட்டரின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பொருள், படம், கருவி, மீட்டர். நான்கே வரி. நான் கேட்டதோ ஐந்தாவது வரி. சீட்டு முடிந்துவிட்டது, ஆனால் நினைவகம் முடியவில்லை. சீட்டுக்கு அடியில் முன்பு வேறு எதுவோ இருந்து அழிந்த இடம். அங்கே பழைய எச்சம் ஒன்று கிடந்தது. சில நேரம் அது ஒரு பிரேக்கரின் முகவரி. என் செக் அதைப் படித்துவிட்டு ஆமாம் என்றது.

இந்தத் தப்பை நான் ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

மல்லம்மாவும் ராமக்காளும் அக்கா தங்கை. மைசூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சேர்ந்தே போவதால் இரண்டு பேருக்கும் ஒரே தாளில் எழுதினேன், மேலே மல்லம்மா, கீழே ராமக்காள். ஆறாவது வரிக்கு வந்ததும் மல்லம்மா சொன்னாள், "அதெல்லாம் எழுதாத கண்ணு. அப்பன் என்னைப் புள்ளையே இல்லைன்னுட்டான். கட்டினவன் ஓடிப் போயிட்டான். யார் பேரைத்தான் எழுதுவ?" சரி என்று அந்த வரியையே விட்டுவிட்டேன். ஆறாவது வரியில் அவள் பெயரை எழுதினேன். வேகமாக எழுத வேண்டியிருந்தது, வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள்.

மூன்றாவது செக்போஸ்ட்காரருக்கு வேண்டியது ஏழாவது வரி. விரலை வைத்து எண்ணினார். மல்லம்மாவின் சீட்டில் ஏழாவது வரி கிடையாது. அடியில் ராமக்காளின் முதல் வரி இருந்தது.

"பேரு மைசூரா?" என்றார். "உங்கம்மா அரண்மனைலயா பெத்தா உன்னை?"

எல்லோரும் சிரித்தார்களாம். பொய்ச் சீட்டு என்று சொல்லி அவளை அரை நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அன்றைய வேலை போயிற்று. மறுநாள் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு ஆளில்லைங்கறது எனக்குத் தெரியும் கண்ணு. எடத்தைக் காலியா வுட்டிருக்கலாமில்ல? எடத்தையே எதுக்கு எடுத்த?"

அவளுக்குப் புதுச் சீட்டு எழுதினேன். ஆறாவது வரியில் ஒரு கோடு. வெறும் கோடு. ஏழாவதில் மல்லம்மா. அதற்குப் பிறகு யாரும் அவளை நிறுத்தவில்லை.

ஆறு வருடம் ஆகிவிட்டது. பி.இ. முடித்து, சம்பளம் வாங்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதே தப்பை மறுபடியும் செய்திருக்கிறேன். வரி இல்லாதவளுக்கு இடத்தையும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

மாற்றினேன். எந்த வகையாக இருந்தாலும் சீட்டுக்கு எட்டு வரி. எங்களிடம் இருந்ததிலேயே ஆழமான வகைக்கு ஏழு தலைமுறைதான். நான்கு வரிக்காரன் மிச்சம் நான்கையும் பூஜ்யம் போட்டுக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டரின் ஐந்தாவது வரியைக் கேட்டால் பூஜ்யம். பூஜ்யம் பிரேக்கர் இல்லை. யாராவது ஒன்பதாவது தலைமுறையை உண்டாக்கினால் புரோகிராம் தொடங்கும்போதே கத்தி நின்றுவிடும். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் எல்லா வகையையும் எல்லா வகையாகவும் கேட்டுப் பார்த்தேன். பத்து லட்சம் தடவை. ஒரு பொய்யும் வரவில்லை. வேகமும் குறையவில்லை.

அய்யாசாமி சார் 486க்கு முன்னால் நின்று பார்த்தார். "பரவால்லியே" என்றார். தீபக் பக்கம் திரும்பி, "இது இருக்கட்டும்" என்றார். கையெழுத்துப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்த 486இல் எங்கள் புரோகிராமைப் போட்டோம். யார்டுக்கு இன்னும் ஒயர் கொடுக்கவில்லை, வெறும் ஒத்திகைதான். ஆலையின் இஞ்சினியர் கைகட்டி நின்றார். நாற்காலியில் உட்கார்ந்தது ஆபரேட்டர் கெம்பையன். கொள்ளேகால் பக்கத்து ஆள், முப்பது வருட சர்வீஸ். மௌஸை முட்டையைப் பிடிப்பது மாதிரி பிடித்தார்.

தீபக் பின்னால் நின்று, "மேல இருக்கற பிரேக்கரைக் க்ளிக் பண்ணுங்க சார்" என்றான்.

"இரப்பா. நம்ம ஊட்டு மாட்டை நம்மளுக்கு ஓட்டத் தெரியாதா?" என்ற கெம்பையன், பிரேக்கரை விட்டுவிட்டு இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மர் படத்தைச் சொடுக்கினார். மெனுவில் 'மூடு' என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

கம்ப்யூட்டர் பீப் என்றது. திரையின் அடியில் சிவப்பில் ஒரு வரி: இது பிரேக்கர் இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் 2. ஏவல் நிறுத்தப்பட்டது.

எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. யார்டில் வேலை செய்கிறவர்கள் யாரும் பிரேக்கரின் பெயரைச் சொல்வதில்லை. 'ரெண்டாம் டிரான்ஸ்ஃபார்மரை மூடு' என்பார்கள், அதாவது அதன் பிரேக்கரை. கெம்பையன் முப்பது வருடமாகச் சொன்னதைக் கையால் செய்தார். மாடியில் உட்கார்ந்து மெனுவை எழுதிய தீபக்குக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. எந்தப் படத்தைச் சொடுக்கினாலும் அதை பிரேக்கர் என்று நம்பி அனுப்பிக்கொண்டிருந்தது அவனுடைய மெனு.

"என்னங்க இது, ஆரம்பத்துலேயே எர்ரர்?" என்றார் இஞ்சினியர்.

அய்யாசாமி சார் அவசரமாக முன்னால் வந்தார். "டெஸ்டிங்குக்காக வெச்ச செக் சார். உங்களுக்குக் கொடுக்கறப்ப எடுத்துடுவோம். இந்த மெசேஜே வராது."

"எடுக்க மாட்டோம்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கடிதம் தெரிந்தது, பேனா தெரிந்தது. தெரியட்டும்.

"மாதேவி, நீ வெளிய இரு."

"சொல்லிட்டுப் போறேன் சார். அந்த மெசேஜ் வரலேன்னா என்ன ஆகியிருக்கும்னு இவங்களுக்குத் தெரியணும்."

இஞ்சினியர் கையை அசைத்தார். "சொல்லட்டும்."

சொன்னேன். பிரேக்கர் தன் நம்பரை எந்த இடத்தில் வைத்திருக்கிறதோ, அதே இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் தன் டேப் நிலையை வைத்திருக்கிறது, அதாவது எந்தப் படியில் ஓடுகிறது என்ற எண். செக் இல்லாவிட்டால் புரோகிராம் அந்த எண்ணை எடுத்து பிரேக்கர் நம்பர் என்று நினைத்துக்கொள்ளும். "ரெண்டாம் டிரான்ஸ்ஃபார்மர் இப்ப எந்தப் படி?" என்று கேட்டேன்.

கெம்பையன் திரும்பிச் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தார். "அஞ்சு."

"அப்ப ஒயர் கொடுத்திருந்தா அஞ்சாம் பிரேக்கர் மூடியிருக்கும். பீப்பும் வராது, மெசேஜும் வராது. எல்லாம் சரியா நடந்த மாதிரியே இருக்கும்."

கெம்பையன் மௌஸிலிருந்து கையை எடுத்தார். "அஞ்சாம் லைன்ல இன்னைக்கு ரெண்டு பேரு மேல ஏறியிருக்காங்க."

"யாரும் மூட முடியாம பிரேக்கர்ல பூட்டு போட்டிருக்குமில்ல" என்றார் இஞ்சினியர்.

"பூட்டா?" கெம்பையன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பித்தளைப் பூட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இங்க இருக்குதுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "ஏனம்மிணி, இந்தப் பீப்பை எடுத்துப்போட்டா இந்த டப்பா வேகமா ஓடுமா?"

"இப்பவே வேகமாத்தான் ஓடுதுங்க. எடுத்தா நூத்துக்கு நாலு மிச்சமாகும்."

"அந்த நாலை அவங்களையே வெச்சுக்கச் சொல்லுங்க" என்று இஞ்சினியர் பக்கம் திரும்பி அவர் கன்னடத்தில் சொன்னார். அந்தச் சொல்லை நான் இங்கே மரியாதையாக மாற்றியிருக்கிறேன்.

இஞ்சினியர் பூட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "முதல்ல இதைப் போய் போடு" என்றார். பிறகு ஒப்புதல் தாளில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: வகைச் சோதனை நிரந்தரமாக இருக்க வேண்டும். அய்யாசாமி சார் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லை.

வண்டியில் திரும்பினோம். நஞ்சன்கூடு பாலம் தாண்டியதும் தீபக், "டேப் நிலை அங்க இருக்குன்னு எனக்கு நிஜமாவே தெரியாது" என்றான். "தெரியாதுன்னுதான் செக்" என்றேன். அவன் அன்று சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை என் மேஜையில் கடிதம் இருந்தது. நிரந்தரம் இல்லை. தற்காலிக வேலை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டிக்கப்படுகிறது. காரணம்: வாடிக்கையாளர் முன்னிலையில் மேலதிகாரியை மறுத்துப் பேசியது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். காரணத்துக்கு அடியில், 'உண்மைதான். மறுபடியும் பேசுவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அய்யாசாமி சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிழித்துப் போடவில்லை. அதை எதற்கு வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

மதியம் தீபக் தன் மெனுவைத் திருத்துவதற்காக என் புரோகிராமைத் திறந்தான். எட்டு வரிச் சீட்டுக்கு மேலே நான் எழுதி வைத்த குறிப்பைச் சத்தமாகப் படித்தான்.

"'காலி வரிகளை எடுக்காதே. மல்லம்மா கேட்டுக்கொண்டபடி.' யாரு இது மல்லம்மா? க்ளையன்டா?"

"ஆமா."

"பேரே கேள்விப்பட்டதில்லையே."

"அவ சீட்டுல ஏழாவது வரியைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்தக் குறிப்பைத் தொடாத. அந்தப் பூஜ்யங்களையும் தொடாத."

"தொட்டா?"

"தொட்டுப் பாரு."

கீழே யாரோ அண்டாவைத் தட்டினார்கள். மேஜை அதிர்ந்தது. தீபக் கையை எடுத்துக்கொண்டு தன் மெனுவைத் திருத்தப் போனான்.